அரண்மனை என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ் சொல்லிக்கொடுக்கும்போது திரும்பத் திரும்ப வரும் சொற்களில் ஒன்று அரண்மனை. ‘எந்த ன, எந்த ண?’ என்றுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்கும். பேசப் பேச அது கல்வெட்டு வரைக்கும் போய்விடும். பிள்ளைகளும் பெற்றோரும் கேட்ட கேள்விகளையும், அவர்களுக்குச் சொன்ன பதில்களையும் கொஞ்சம் விரித்து இங்கே எழுதியிருக்கிறேன்.

அரண்மனை என்றால் என்ன பொருள்?

அரசனோ அரசியோ குடும்பத்தோடு வாழும் வீடு. அரண், மனை என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது இது. அரண் என்றால் காவல், பாதுகாப்பு. மனை என்றால் வீடு. காவல் சூழ்ந்த வீடு என்பது நேர்ப்பொருள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பெரியது, அழகானது, ஆடம்பரமானது என்று இந்தச் சொல்லின் எந்தப் பகுதியும் சொல்லவில்லை. தங்கத்தூணும் பளிங்குத்தரையும் நம் மனத்தில் வருவது கதைகளாலும் சினிமாவாலும்தான். சொல்லுக்குள் இருப்பது காவலும் வீடும் மட்டுமே.

அரண் என்றதும் மதில்சுவர் மட்டும் நினைவுக்கு வரும். திருக்குறள் அதைவிட அகலமாகப் பார்க்கிறது. ‘மணிநீரும் மண்ணும் மலையும் அணிநிழற் காடும் உடைய தரண்’ என்பது 742-ஆம் குறள். தெளிந்த நீர், வெட்டவெளி நிலம், மலை, காடு இவையெல்லாம் அரண்தான். அறிவையும் அரண் என்கிறது இன்னொரு குறள்: பகைவராலும் உள்ளே புகுந்து அழிக்க முடியாத அரண்.

மனை இன்னும் நெருக்கமான சொல். மனைவி, மனையறம், மனைப்பட்டா என்று இன்றும் நம் வாயில் புழங்குகிறது. பத்திரப்பதிவுக்குப் போனால் ஒரு மனை என்பது 2400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டு. அரசன் வீட்டைக் குறிக்கும் சொல்லிலும் நம் வீட்டுமனையைக் குறிக்கும் சொல்லிலும் இருப்பது ஒரே மனை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அரண்மனை, அரன்மனை, அரண்மணை. எது சரி?

அரண்மனை மட்டுமே சரி. முதலில் மூன்று சுழி ண், பிறகு இரண்டு சுழி னை.

மனப்பாடம் செய்வதைவிடப் பொருளைப் பிடித்துக்கொள்வது நல்லது. அரன் என்று இரண்டு சுழி போட்டால் அது சிவபெருமான் பெயர். அரன்மனை என்று எழுதினால் சிவன் வீடு என்றாகிவிடும். மணை என்று மூன்று சுழி போட்டால் உட்காரும் பலகை. அரிவாள்மணையில் இருப்பது அந்த மணை, கல்யாணத்தில் மணையில் உட்கார வைக்கிறார்களே, அதுவும் அதுதான். ஆக அரணுக்கு ண், வீட்டுக்கு ன. இப்படிச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் அதன்பிறகு தப்பு விட்டதை நான் பார்க்கவில்லை.

பேசும்போது ‘அரமனை’ என்று வருகிறதே, அது கொச்சையா?

எழுத்தில் அரண்மனை என்றே எழுதுங்கள். ஆனால் அரமனை என்று பேசும் பாட்டியைத் திருத்த வேண்டாம். ண் அடுத்த மகரத்தில் கரைவது பேச்சில் இயல்பாக நடப்பது.

பக்கத்து மொழிகளையும் பாருங்கள். கன்னடத்தில் அரமனெ, மலையாளத்தில் அரமன. இரண்டிலும் ணகரம் இல்லை. கன்னடத்தில் அரசு, மனெ என்ற இரண்டு சொற்களிலிருந்து வந்ததாக, அரசனின் வீடு என்று பொருள் சொல்கிறார்கள். அதனால் தமிழிலும் மூலம் அரசமனைதானோ என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தமிழ் எழுத்து வழக்கு அரண் என்ற சொல்லை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. தமிழர்கள் இதைக் காவல் வீடு என்றே புரிந்துகொண்டு வந்திருக்கிறார்கள். நான் பாடம் நடத்தும்போது அரண் வழியைத்தான் சொல்வேன். இரண்டு வழியிலும் மனை மட்டும் மாறாமல் நிற்கிறது.

மலையாளத்தில் இந்தச் சொல் போன பாதை தனி. அங்கே மன்னர் வீட்டுக்குக் கொட்டாரம் என்று சொல்கிறார்கள். அரமன என்பது பெரும்பாலும் ஆயர் இல்லத்துக்கான சொல்லாகிவிட்டது. கோட்டயத்தில் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் தலைமையகத்துக்குத் தேவலோகம் அரமன என்றே பெயர். கொட்டாரம் நமக்கும் அந்நியமில்லை, கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்தப் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது.

பழந்தமிழில் அரசன் வீட்டை எப்படிச் சொன்னார்கள்?

கோயில் என்று. பலருக்கும் இதை முதலில் கேட்கும்போது வியப்பாக இருக்கும். கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. கோவின் இல் கோயில்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி நீதி கேட்டுப் பாண்டியனிடம் போகிற இடம் நினைவிருக்கும். வாயிற்காவலன் அவளை உள்ளே அழைத்துப் போகிறான். ‘கோயில் மன்னனைக் குறுகினள் சென்றுழி’ என்பது அந்த வரி. இங்கே கோயில் என்பது மீனாட்சியம்மன் கோயில் இல்லை, நெடுஞ்செழியன் வாழ்ந்த அரண்மனை. பள்ளியில் இதைப் படிக்கும் பிள்ளைகள் கண்ணகி சாமி கும்பிடப் போனாள் என்று எழுதிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் குற்றம் இல்லை, சொல் அவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது.

அதே சிலப்பதிகாரத்தில், புகார் நகரில் ‘பிறவா யாக்கைப் பெரியோன் கோயிலும்’ இருந்ததாக வருகிறது. அது சிவன் கோயில். அதாவது ஒரே நூலில் கோயில் என்ற சொல் அரசனுக்கும் கடவுளுக்கும் சேர்ந்தே வழங்குகிறது.

பிறகும் நெடுங்காலம் இந்த இரட்டை வழக்கு நீடித்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழனின் 26-ஆம் ஆட்சியாண்டு ஆணையைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ‘தஞ்சாவூர்க் கோயிலினுள்ளால் இருமடிசோழனின் கீழைத் திருமஞ்சன சாலை தானஞ் செய்தருளாவிருந்து’ அரசன் வாய்மொழியாகச் சொன்னது அது. இங்கே கோயில் என்பது அரசனின் அரண்மனை. இன்று நாம் பெரிய கோயில் என்று அழைக்கும் கட்டடத்தை அதே கல்வெட்டு ‘நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி’ என்கிறது. கற்றளி என்றால் கல்லால் கட்டிய கோயில். தன் வீட்டைக் கோயில் என்றும், சிவனுக்குக் கட்டியதைக் கற்றளி என்றும் சொன்ன அரசன் அவன்! தஞ்சாவூர் போகிறவர்கள் அந்த எழுத்துகளின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

காலப்போக்கில் கோயில் கடவுளுக்கே உரியதாகிவிட்டது. வைணவர்களுக்குக் கோயில் என்றாலே ஸ்ரீரங்கம், சைவர்களுக்குச் சிதம்பரம் என்று அது இன்னும் உயர்ந்தது. அரசன் வீட்டைச் சொல்ல வேறு சொற்கள் வேண்டியிருந்தன. அந்த இடத்தில்தான் அரண்மனையும் மாளிகையும் வந்து அமர்ந்தன என்பது என் புரிதல்.

கோயில் தவிர வேறு சொற்கள் இருந்தனவா?

நகர் என்ற சொல்லுக்கும் அந்தக் காலத்தில் பெரிய வீடு, அரண்மனை என்ற பொருள் உண்டு. இன்று அது ஊராகவும் குடியிருப்புப் பகுதியாகவும் மாறிவிட்டது.

வெறும் மனை என்றும் சொன்னார்கள். நெடுநல்வாடையில் பாண்டியன் வீடு கட்டப்படும் விதத்தை நக்கீரர் சொல்கிறார். கட்டடநூல் அறிந்தவர்கள் கயிறு பிடித்து, திசை பார்த்து, தெய்வத்தை வணங்கி, ‘பெரும்பெயர் மன்னர்க்கு ஒப்ப மனை வகுத்து’ வேலையைத் தொடங்குகிறார்கள். இன்று கொத்தனார் நூல் பிடித்து மூலைமட்டம் பார்க்கிற அதே காட்சிதான். அரண் என்ற அடைமொழி இங்கே இல்லை, மனை தனியாகவே மன்னன் வீட்டைக் குறிக்கிறது.

யாழ்ப்பாணத்தில் நல்லூருக்குப் பக்கத்தில் மந்திரிமனை என்ற பழைய கட்டடம் இருக்கிறது. யாழ்ப்பாண அரசோடு சேர்த்து மக்கள் நினைவில் வைத்திருக்கும் இடம். மனை என்ற சொல் இப்படி உயர்ந்தோர் வீட்டுக்கு வழங்கியதற்கு அதுவும் ஒரு சாட்சி.

மாளிகைக்கும் அரண்மனைக்கும் என்ன வேறுபாடு?

அரண்மனை என்றால் அரச பரம்பரை வாழும் இடம். மாளிகை என்றால் பெரிய, அழகான வீடு. அதில் அரசன் இருக்கலாம், வணிகர் இருக்கலாம், அதிகாரி இருக்கலாம். ஓர் அரண்மனைக்குள் பல மாளிகைகள் இருக்கலாம். பத்மநாபபுரம் அரண்மனைக்குள் உப்பரிகை மாளிகை என்று ஒரு பகுதி இருப்பது போல.

நம் செய்தித்தாள்கள் இந்த வேறுபாட்டை அழகாகக் காப்பாற்றி வருகின்றன. பிரிட்டன் மன்னர் இருப்பது பக்கிங்காம் அரண்மனை. அமெரிக்க அதிபர் இருப்பது வெள்ளை மாளிகை. டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகை, கிண்டியில் ஆளுநர் மாளிகை, கொழும்பில் அலரி மாளிகை. முடிசூடியவருக்கு அரண்மனை, தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கும் நியமிக்கப்பட்டவருக்கும் மாளிகை. யாரும் உட்கார்ந்து விதி போட்டதாகத் தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறவர்கள் அதை உணர்ந்து செய்திருக்கிறார்கள். மொழிபெயர்க்கிறவர்கள் ஆங்கிலத்தில் என்ன சொல் இருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், அங்கே வாழ்கிறவர் யார் என்று பார்த்து எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, பிரெஞ்சு அதிபர் வாழும் எலிசேயை என்ன சொல்வது? இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். நான் எலிசே மாளிகை என்றே எழுதுவேன்.

இன்னொன்று: மளிகைக் கடையை மாளிகைக் கடை என்று எழுதிய பலகைகளைப் பார்த்திருக்கிறேன். மளிகை வேறு, மாளிகை வேறு. ஒரு கால் போதும், பொருள் மாறிவிடும்.

மகால் என்பது?

பாரசீகம், உருது வழியாக வந்த சொல். மதுரையில் திருமலை நாயக்கர் கட்டியதை அரண்மனை என்று எழுதினாலும் ஊர்க்காரர்கள் மகால் என்றுதான் சொல்வார்கள். சென்னை ராயப்பேட்டையில் ஆற்காடு இளவரசர் குடும்பம் வாழும் அமீர் மகால், சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாப் 1768-இல் கட்டிய அரண்மனையின் கலச மகால், செஞ்சிக் கோட்டைக்குள் கல்யாண மகால் என்று தமிழ்நாடு முழுக்க மகால்கள் இருக்கின்றன.

இன்று கல்யாண மண்டபங்களுக்கும் மகால் என்று பெயர் வைக்கிறார்கள், தென்மாவட்டங்களில் இது அதிகம். ஒருநாள் ராஜாவாக, ராணியாக மணமக்கள் உட்காரும் இடம்தானே. எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

கோட்டையும் அரண்மனையும் ஒன்றா?

இல்லை. கோட்டை என்பது மதில், அகழி, கொத்தளம் எல்லாம் சேர்ந்த பாதுகாப்பு அமைப்பு. அதற்குள் ஊரே இருக்கலாம், படை இருக்கலாம், கோயில் இருக்கலாம். அரண்மனை அதற்குள் இருக்கும் வீடு. கோட்டை இல்லாத அரண்மனையும் உண்டு, அரண்மனை அழிந்துபோன பிறகு நிற்கும் கோட்டையும் உண்டு. அந்தப்புரம், கொலுமண்டபம் போன்றவை அரண்மனையின் பகுதிகள். அவற்றை அரண்மனைக்கு மாற்றுச்சொல்லாக எழுதக் கூடாது.

இவ்வளவு பெரிய கோயில் கட்டிய சோழர்களின் அரண்மனை எங்கே?

பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

கல் கடவுளுக்கு, செங்கல்லும் மரமும் மனிதருக்கு என்பது அன்றைய வழக்கம். அரசன் வீடும் மனிதன் வீடுதான். செங்கல் சுவர், மரத்தூண், ஓட்டுக்கூரை. கவனிப்பு இல்லாமல் விட்டால் சில தலைமுறைகளில் மண்ணாகிவிடும். செங்கல்லை வேறு கட்டடத்துக்குப் பெயர்த்துக்கொண்டும் போய்விடுவார்கள்.

போரும் சேர்ந்துகொண்டது. 13-ஆம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். அவனுடைய மெய்க்கீர்த்தியே, அதாவது கல்வெட்டில் அரசன் புகழைப் பாடும் பகுதியே, அதைப் பெருமையாகச் சொல்கிறது: ‘கூடமும் மாமதிலும் கோபுரமும் ஆடரங்கும் மாடமும் மாளிகையும் மண்டபமும் பல இடித்து’. அதன் பிறகு, அந்த இடம் பாழாகிவிட்டது என்று காட்ட, நிலத்தைக் கழுதை பூட்டி உழுது கவடி விதைத்தானாம். இந்த வரியை வகுப்பில் படிக்கும்போது ஒவ்வொரு முறையும் மனம் கனத்துப்போகும். ஒரு நகரத்தில் என்னென்ன இருந்தது என்ற பட்டியல், அதை இடித்தவன் வாயால்தான் நமக்குக் கிடைக்கிறது.

ஆனால் பெயர்கள் அழியவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகே மாளிகைமேடு என்று ஓர் இடம் இருக்கிறது. தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது செங்கல் சுவர்களும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும் கிடைத்தன. ராஜேந்திர சோழன் வாழ்ந்த அரண்மனையின் அடித்தளம் அது. பக்கத்து ஊரின் பெயர் உட்கோட்டை. கும்பகோணத்துக்கு அருகே, பட்டீசுவரம் பக்கம் சோழன் மாளிகை என்றே ஓர் ஊர் இருக்கிறது. கட்டடம் போய் எண்ணூறு ஆண்டுகள் ஆகலாம், மக்கள் பெயரை விடவில்லை. உங்கள் ஊர்ப் பக்கம் மேடு, கோட்டை, மாளிகை என்று முடியும் பெயர் இருந்தால் பெரியவர்களிடம் விசாரித்துப் பாருங்கள்.

அரண்மனை என்று சொல்லி அரசனையே குறிக்கலாமா?

குறிக்கலாம். ‘பக்கிங்காம் அரண்மனை அறிவித்துள்ளது’ என்ற செய்தியில் கட்டடம் பேசுவதில்லை, அதற்குள் இருப்பவர்கள் பேசுகிறார்கள். இது ஆங்கிலத்திலிருந்து வந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். சமஸ்தானங்களும் ஜமீன்களும் இருந்த பகுதிகளில் ‘அரண்மனை உத்தரவு’, ‘அரண்மனைக்குக் கட்ட வேண்டியது’ என்று சொல்லும் வழக்கம் நமக்கும் உண்டு. இலக்கணத்தில் இதை இடவாகுபெயர் என்பார்கள்.

ஊருக்குள் ஒரு பகுதியின் பெயராகவும் அது நிலைத்திருக்கிறது. ராமநாதபுரத்தில் அரண்மனை என்றால் சேதுபதிகளின் வீடும் அதைச் சுற்றிய கடைத்தெருவும் சேர்ந்தது. சிவகங்கையில் அரண்மனைவாசல் என்ற இடத்தில்தான் பொதுக்கூட்டம், ஆர்ப்பாட்டம் எல்லாம் நடக்கும்.

எழுதும்போது ஒற்று எங்கே வரும்?

அரண்மனைக் காவலர், அரண்மனைச் சேவகர், அரண்மனைத் தோட்டம், அரண்மனைப் பெண்கள். க, ச, த, ப முன்னால் ஒற்று மிகும். அரண்மனை வாசல், அரண்மனை மண்டபம் என்பவற்றில் மிகாது. பன்மை அரண்மனைகள், அரண்மனைக்கள் என்று எழுத வேண்டாம்.

பழமொழிகளில் இந்தச் சொல் வருகிறதா?

வருகிறது. ‘அரண்மனை காத்தவனும் அடுப்பங்கரை காத்தவனும் வீண்போகமாட்டான்’ என்பது ஒன்று. பொறுமையாகக் காத்திருந்தால் ஏதாவது ஒரு பலன் கிடைக்கும் என்று பொருள். ‘அரண்மனை உறவைக் காட்டிலும் அடுக்களை உறவு மேல்’ என்பது இன்னொன்று. இரண்டிலும் அரண்மனைக்கு எதிரே அடுப்பை வைத்திருக்கிறார்கள் பாருங்கள். சொன்னவர்கள் அரண்மனையை வெளியிலிருந்து பார்த்த மக்கள், அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம் அடுக்களை.

ஆங்கிலத்தில் பேலஸ் என்கிறார்களே, அதற்கும் காவல் என்று பொருளா?

இல்லை, அது ஒரு குன்றின் பெயர். ரோமாபுரியின் குன்றுகளில் ஒன்று பாலடைன். பேரரசர் அகஸ்டஸ் அங்கே வாழ்ந்தார், அவருக்குப் பின் வந்தவர்களும் அங்கேயே கட்டினார்கள். லத்தீனில் அந்தக் குன்றைக் குறித்த பலாத்தியம் என்ற சொல் பேரரசர் வீட்டைக் குறிக்கத் தொடங்கி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது.

பிள்ளைகளை அழைத்துப் போக எந்த அரண்மனை நல்லது?

ஒன்றே ஒன்று என்றால் பத்மநாபபுரம். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருவனந்தபுரத்துக்கு மாறும் முன் திருவிதாங்கூர் மன்னர்களின் தலைநகரம். 1956-இல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆனாலும் தமிழ்நாட்டு மண்ணில் இருக்கும் இந்த அரண்மனையை இன்றும் கேரள அரசுதான் பராமரிக்கிறது. பெரும்பாலும் மரவேலை. சோழர் வீடுகள் ஏன் நிற்கவில்லை என்று கேட்ட பிள்ளைகளுக்கு, மரவீட்டை விடாமல் பார்த்துக்கொண்டால் எப்படி நிற்கும் என்று அங்கே காட்டலாம். அதன் மிகப் பழைய பகுதிக்குப் பெயர் தாய்க் கொட்டாரம்.

மதுரை மகால் வேறு விதம். 1636-இல் கட்டப்பட்டது. இப்போது நிற்பது முழு அரண்மனையில் கால்பங்கு அளவுதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போனார் என்பார்கள். மகாலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். கொஞ்சம் தள்ளி, கடைகள் நெருக்கியடிக்கும் ஒரு சந்துக்குள் பத்து பிரம்மாண்டமான தூண்கள் தனியாக நிற்கும். ஊரில் அந்த இடத்துக்குப் பத்துத்தூண் என்று பெயர். அரண்மனை ஒருகாலத்தில் அதுவரைக்கும் பரந்து கிடந்தது.

சென்னையில் அரண்மனைக்காரன் தெரு இருக்கிறதே, அங்கே எந்த அரசர் இருந்தார்?

எந்த அரசரும் இல்லை. பாரிமுனைக்கு அருகில் இருக்கும் அந்தத் தெருவில் வாழ்ந்தவர்கள் ஆர்மீனிய வணிகர்கள். அவர்கள் கட்டி, 1772-இல் புதுப்பித்த தேவாலயம் இன்றும் அங்கே இருக்கிறது. ஆங்கிலத்தில் அது ஆர்மீனியன் தெரு. ஆர்மீனியன் என்ற பழக்கமில்லாத பெயரை, பக்கத்தில் ஒலிக்கும் தங்கள் சொல்லாக மாற்றி, அரண்மனைக்காரன் என்று நம் மக்கள் சொல்லிவிட்டார்கள்.